அத்தியாயம் 4: பந்திவிசாரணைக்கு யாரை வைப்பது?

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு டீக்கன் இடம் காலியாக இருக்கிறது என்று பாஸ்டர் அறிவித்ததும் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். “அண்ணன் எத்தனை வருஷமா சபைக்கு வர்றாரு, அவரைப் போடுவோம்” என்பார் ஒருவர். “கட்டட வேலைக்குக் கை நிறையக் கொடுத்தவரை விட்டுட்டா மனசு கஷ்டப்படுமே” என்பார் இன்னொருவர். தெற்குத் தெருவிலிருந்து ஒருத்தருமே இல்லையே என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழும். பத்து நிமிடத்தில் பெயர் எழுதி முடிந்துவிடும். அந்த மனிதருக்கு எது கைவரும், இதுவரை யாருக்கு என்ன செய்திருக்கிறார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு பதவிக்காலம் முழுக்க அவர் ஞாயிறுதோறும் காணிக்கைப் பை எடுப்பார், கமிட்டியில் உட்காருவார், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பெயர் போட்டுக்கொள்வார். அவருக்குத் தேவன் கொடுத்த வரம் என்னவோ, அது சும்மா கிடக்கும்.

இந்த அத்தியாயம் சபையார் தெரிந்தெடுக்கும் டீக்கன்களைப் பற்றியது. பாப்டிஸ்ட் சபைகளிலும் பல சுயாதீன சபைகளிலும் இருக்கிற முறை இதுதான். தென்னிந்தியத் திருச்சபையிலும் கத்தோலிக்கத் திருச்சபையிலும் டீக்கன் என்பவர் அருட்பொழிவு பெற்ற ஊழியர். அங்கே நான் சொல்லப்போகும் வேலைகளில் பலவற்றைக் கமிட்டியாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் செய்துவருகிறார்கள். அவர்கள் பெயரை மாற்றிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

எருசலேம் சபையில் பதவி முதலில் வரவில்லை, முறுமுறுப்புதான் முதலில் வந்தது. அன்றாடப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கு பேசுகிறவர்கள் குறைப்பட்டார்கள். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நற்சாட்சியும் ஆவியும் ஞானமும் உள்ள ஏழு பேரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று அப்போஸ்தலர் சபையாரிடம் விட்டார்கள். சபையார் சொன்ன பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியில் வருகிற அந்தியோகியா ஊரான் பிறப்பால் யூதன்கூட இல்லை, யூத மார்க்கத்தில் சேர்ந்தவன். யாருடைய இலையில் சோறு விழவில்லையோ அவர்களுடைய பேச்சும் வழக்கமும் தெரிந்தவர்களிடமே கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தெற்குத் தெருக் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள், அது நல்ல கேள்விதான். ஆனால் தெருவுக்கு ஒரு நாற்காலி என்பதற்காகக் கேட்காமல், அந்தத் தெருவில் யார் வீட்டுக் கஷ்டம் நம் காதுக்கு வராமல் போகிறது என்று கேளுங்கள். பெயரும் தானாகக் கிடைத்துவிடும்.

இனி வரங்களுக்கு வருவோம். நம் சபைகளில் ஆவியின் வரம் என்றதும் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் சுகமளித்தலும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரக் கடைசியில், உதவி செய்வதையும் நிர்வாகம் பண்ணுவதையும் அதே வரிசையில், குணமாக்கும் வரத்துக்கும் பாஷைகளுக்கும் நடுவில் வைத்திருக்கிறார். ரோமர் 12இல் ஊழியம் செய்வது, புத்திசொல்வது, பகிர்ந்து கொடுப்பது, தலைமை ஏற்பது, இரக்கம் காட்டுவது எல்லாம் தீர்க்கதரிசனத்தோடு ஒரே மூச்சில் வருகின்றன. நாற்காலி அடுக்குகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் வரம் இருக்கிறது என்று பிரசங்க மேடையிலிருந்து யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அபூர்வம்தான்.

வரத்தைக் கண்டுபிடிக்க வினாத்தாள்கள் கிடைக்கின்றன. கேள்விக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால், கடைசியில் உங்கள் வரம் இது என்று சொல்லிவிடும். வாலிபர் கூட்டத்தில் பேச்சைத் தொடங்க அது உதவும். டீக்கனைத் தேட அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஆள் தான் எப்படி இருக்கிறான் என்பதை அதில் எழுதுவதில்லை, எப்படி இருக்க ஆசைப்படுகிறான் என்பதைத்தான் எழுதுகிறான். அதைவிட ஆறு மாதம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அசனப் பண்டிகை முடிந்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டுக் கிளம்ப, அண்டா கழுவுகிற இடத்தில் யார் நிற்கிறார்? இரண்டு வாரமாக ஒரு பாட்டி வரவில்லை என்பதை முதலில் கவனித்தது யார்? வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் நடுராத்திரியில் யார் கதவைத் தட்டுகிறார்கள்? பஸ் ஏற்பாடு செய்யச் சொன்னால் யார் சொன்ன நேரத்துக்குப் பஸ் வரும்? பெயர் போடாத டீக்கன்கள் இவர்கள்தான். இவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற வேலைக்குச் சபையின் அதிகாரத்தையும் ஜெபத்தையும் சேர்த்துக் கொடுப்பதுதான் தெரிந்தெடுப்பு.

ஆனால் வரம் மட்டும் போதாது. 1 தீமோத்தேயு 3இல் உதவிக்காரருக்கு, அதாவது டீக்கன்களுக்கு, சொல்லியிருக்கிற தகுதிகளை எண்ணிப் பாருங்கள், ஒரு வரம்கூட அங்கே இல்லை. கண்காணிக்குக் கேட்கிற போதகத் திறமையைக்கூட உதவிக்காரரிடம் கேட்கவில்லை. இருநாக்கு கூடாது, மதுவுக்கு அடிமையாகக் கூடாது, பணத்தில் ஆசை கூடாது, வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும், முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றே பட்டியல் போகிறது. வீடு வீடாகப் போகிறவர், சபைப் பணத்தைத் தொடுகிறவர் என்பதை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விகள் ஏன் என்று புரியும். இரக்க வரம் நிறைந்து வழிகிற ஒருவர், ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்கிற பழக்கமும் உள்ளவராக இருந்தால், அவரை அனுப்பாமல் இருப்பதே அந்த வீட்டுக்குச் செய்கிற உதவி.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். எந்த வேலையில் வைப்பது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணுகிற மேஜைக்கு வாருங்கள். இரண்டு பேருக்குக் குறையாமல் உட்கார வேண்டும், அந்த இருவரும் ஒரே குடும்பத்தார் ஆகக் கூடாது. பையைக் கவிழ்த்ததும் கசங்கிய பத்து ரூபாய்த் தாள்கள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் போட்ட சில்லறை, நாலாக மடித்த ஐந்நூறு, நடுவில் சில கவர்கள். தாளைத் தனித்தனியாக அடுக்கி, ஒருவர் எண்ணியதை மற்றவர் எண்ணி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, அங்கேயே இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் வங்கியில் அதே தொகை ஏற வேண்டும். அவசரச் செலவு என்று பையிலிருந்து ஐந்நூறு எடுத்து, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்கிற பழக்கம் உங்கள் சபையில் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். கியூஆர் அட்டை வைத்திருந்தால் அது சபையின் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும், எவருடைய சொந்த எண்ணோடும் இணைந்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அந்த ஊர் நண்பர்களிடம் பணம் திரட்டி அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாத சபை அதை வாங்க முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் இருக்க வேண்டும். நிர்வாக வரம் என்பது இப்படித்தான் இருக்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கும், சபையின் நல்ல பெயரைக் காப்பாற்றும்.

இன்னும் அந்த மேஜையை விட்டு எழ வேண்டாம். ஒரு கவரின் மேல், ‘மகன் வேலைக்காக ஜெபிக்கவும்’ என்று பென்சிலில் எழுதி, உள்ளே இருபது ரூபாய் வைத்திருக்கிறார்கள். நிர்வாக வரம் உள்ளவர் இருபது என்று குறித்துக்கொண்டு கவரைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். அவர் வேலையில் குறையில்லை, கணக்கு சரியாக இருக்கும். பக்கத்தில் இரக்க வரம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தால் கவரை எடுத்து வைத்துக்கொள்வார், யார் எழுத்து என்று யோசிப்பார், வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போவார். ஆனால் அவரை மட்டும் தனியாக எண்ண விட்டால் மூன்று மாதத்தில் கணக்கு குழம்பிவிடும். ஒரே மாதிரி ஆட்களாக டீக்கன் குழுவை நிரப்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கால்வினுக்கு இந்த எண்ணம் தெளிவாக இருந்தது. ரோமர் 12இல் கொடுப்பதும் இரக்கம் செய்வதும் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைக் கொண்டு டீக்கன்கள் இரண்டு வகை என்றார் அவர். 1541இல் ஜெனீவா சபைக்கு ஒழுங்குமுறை வகுத்தபோது, ஏழைகளுக்கான பணத்தையும் சொத்தையும் நிர்வகிக்க ஒரு சாரார், நோயாளிகளையும் ஏழைகளையும் நேரில் கவனிக்க ஒரு சாரார் என்று அப்படியே பிரித்து வைத்தார்கள். நம் சிறிய சபைகளில் இத்தனை பிரிவு தேவைப்படாது. நான்கு டீக்கன்கள் இருந்தால் இருவர் மேஜைக்கு, இருவர் வீடுகளுக்கு என்று மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரக்க வரம் உள்ளவருக்கும் பயிற்சி தேவை. வரம் இருக்கிறது, எல்லாம் தானாக வரும் என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனை வார்டுக்குப் போகிற டீக்கனைப் பாருங்கள். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவார், கட்டிலில் உட்காருவார், என் மாமாவுக்கும் இதே வியாதிதான் என்று தொடங்கி மாமா இறந்த கதையில் முடிப்பார், பிறகு அடுத்த கட்டில் நோயாளி திடுக்கிட்டு எழும்படி சத்தமாக ஜெபிப்பார். இருவராகப் போங்கள். நோயாளி பெண் என்றால் ஒரு சகோதரி கட்டாயம் உடன் வரட்டும். பத்து நிமிடம் போதும். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள், தாழ்ந்த குரலில் சுருக்கமாக ஜெபியுங்கள். அதன்பின் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாரே, அந்த அக்காவிடம் பேசுங்கள். “சாப்பிட்டீங்களா? ராத்திரி எங்க படுக்கிறீங்க? நாளைக்கு நாங்க யாராவது வந்து உட்காரட்டுமா, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வர்றீங்களா?” ஒரு பிளாஸ்க் காபியும் இரண்டு மணிநேர ஓய்வும் அன்றைக்கு அவருக்கு எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரிய ஆறுதல்.

துக்க வீட்டில் எல்லோரும் முதல் மூன்று நாள் இருப்போம். அடக்க ஆராதனை, சாப்பாடு, பந்தல், எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். உறவினர் ஊருக்குப் போன பிறகு, மூன்றாவது வாரத்தில்தான் டீக்கன் வேலை தொடங்குகிறது. அப்போதும் இரண்டு வரங்கள் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் அந்த அம்மாவோடு உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்கட்டும், சொன்னதையே நான்கு முறை சொன்னாலும் கேட்கட்டும். மற்றவர் காகிதங்களைப் பார்க்கட்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தாயிற்றா? இறப்புச் சான்றிதழ் எத்தனை நகல் வாங்கினார்கள்? வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயிற்றா? ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்குத் தகுதி உண்டா? 2023 ஆகஸ்டில் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். சபை நிதியிலிருந்து அந்தத் தொகையை மாதாமாதம் கொடுக்கிற வசதி நம்மில் எத்தனை சபைகளுக்கு இருக்கிறது? தாசில்தார் அலுவலகத்துக்கு ஒருநாள் அலைவது விதவைகளை விசாரிக்கும் ஊழியம்தான். கையில் விண்ணப்ப ரசீதோடு திரும்புகிற டீக்கனைச் சபையில் சாட்சி சொல்லச் சொல்லுங்கள் என்றுகூடத் தோன்றுகிறது, ஆனால் அந்த வீட்டின் கதையைச் சொல்ல வேண்டிவரும் என்பதால் வேண்டாம்.

கொடுக்கிற வரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அது பணக்காரருக்கு உரியது என்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிற வழக்கத்தைத் தென்மாவட்டச் சபைகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த டப்பா நிறைவது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற வீடுகளில்தான். இந்த வரம் உள்ள டீக்கனுக்கு ஒரு கட்டுப்பாடு விதியுங்கள். கொடுக்க நினைக்கிற பணத்தை அவரே அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். டீக்கன் நிதியில் போடட்டும், வேறொருவர் சபையின் பெயரில் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் அடுத்த ஞாயிறு அவரைக் கண்டதும் எழுந்து நின்று இடம் விடுவார், கொஞ்ச நாளில் அவருக்கு எதிராகக் கூட்டத்தில் கை தூக்கவும் தயங்குவார். இன்னொன்று, சபை நிதியிலிருந்து கடன் கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் திரும்பி வராது என்று தெரிந்து கொடுங்கள். கடன் வாங்கியவர் முதலில் தவணையைத் தவறவிடுவார், அடுத்து ஆராதனையையே தவறவிடுவார். பணமும் போய் ஆளும் போவதற்குப் பணம் மட்டும் போகட்டும்.

புத்திசொல்லும் வரம் உள்ளவரைக் குடும்பச் சண்டைகளுக்கு அனுப்பலாம், தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பையும் கேட்கத் தெரிந்தவராக இருந்தால். பகுத்தறியும் வரம் உள்ள ஒருவர் குழுவில் கட்டாயம் வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் ஞாயிறு காலை வந்து, பர்ஸ் தொலைந்துவிட்டது, ஊருக்குப் போக ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கண்ணீர் விடும்போது அவர் அருமை தெரியும். பணத்தைக் கையில் கொடுக்காமல் சாப்பாடு வாங்கித் தந்து, பஸ்ஸில் ஏற்றி டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் உண்மையானவர் சந்தோஷமாகப் போவார்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முடியாது. கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்த பெபேயாளைப் பவுல் பெயர் சொல்லி ரோமருக்குப் பரிந்துரைக்கிறார். தனக்கும் அநேகருக்கும் ஆதரவாயிருந்தவள் என்றும் சொல்கிறார். 1 தீமோத்தேயு 3இல் நடுவே வருகிற பெண்கள் டீக்கன்களின் மனைவிகளா, பெண் டீக்கன்களா என்று வேத அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் சபை எந்தப் பக்கம் நின்றாலும் சரி, பிரசவ வீட்டுக்கும் வார்டுக்கும் விதவை வீட்டுக்கும் இப்போதே போய்க்கொண்டிருப்பவர்கள் சகோதரிகள்தான். செலவுக்கு அவர்கள் ஒவ்வொரு முறையும் ஓர் ஆண் டீக்கனிடம் கை நீட்ட வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பெயர் எதுவானாலும், கையில் ஒரு தொகையும் கூட்டத்தில் ஓர் இடமும் கொடுங்கள்.

டீக்கன் எல்லாவற்றையும் தானே செய்தால் அதுவும் கெடுதல்தான். 251ஆம் ஆண்டு வாக்கில் ரோம் சபையின் கண்காணி கொர்நேலியு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அப்போது அங்கே 7 டீக்கன்கள். சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். ஏழு பேர் கையால் ஆகிற வேலையா அது? டீக்கன்களுக்கு அடுத்த நிலையில் 7 துணை டீக்கன்களும் 42 உதவியாளர்களும் இருந்ததை அதே கடிதம் சொல்கிறது. உங்கள் சபையிலும் பைக் வைத்திருக்கிற தம்பி, கணினி தெரிந்த தங்கச்சி, ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கத் தெரிவதே நல்ல டீக்கனுக்கு அடையாளம். மாதக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரத்தை ஆட்களுக்கு ஒதுக்குங்கள். யார் வரவில்லை, யார் நோயில், யாருக்கு யாரை அனுப்பலாம் என்று பேசி முடித்த பிறகு கூரை ஒழுகல், ஸ்பீக்கர், கழிவறை எல்லாம் பேசலாம். வரிசையை மாற்றினால் ஸ்பீக்கரோடு கூட்டம் முடிந்துவிடும், அனுபவப்பட்டவர்கள் தலையாட்டுவார்கள்.

பந்திக்கு வைத்த ஸ்தேவான் ஜெப ஆலயத்தாரோடு தர்க்கம் பண்ணி இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்து, பிறகு செசரியாவில் சுவிசேஷகனாகக் குடியிருந்தார். ஒருவருடைய வரம் வளர்ந்து வேறு ஊழியத்துக்கு இழுத்தால் விட்டுவிடுங்கள், பந்திக்கு வேறு ஆள் வருவார். அதேபோல் தவறான வேலையில் உட்கார்ந்து வாடுகிறவரைப் பதவிக்காலம் முடியட்டும் என்று காத்திருக்க வைக்காமல், அவமானம் இல்லாமல் இடம் மாற்றுங்கள்.

பொறுப்பு கைமாறும்போது சாவியும் கணக்குப் புத்தகமும் மட்டும் கொடுத்தால் போதாது. பழைய டீக்கன் ஒரு நோட்டில் இதை எழுதிக் கொடுக்கட்டும்: எந்தெந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார், யாருக்கு மாதந்தோறும் மருந்து வாங்கித் தரப்படுகிறது, யாருடைய விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் நிற்கிறது, உதவிக்குக் கூப்பிட்டால் யார் எதற்கு வருவார். வீட்டுக் கடன், வியாதியின் பெயர், பிள்ளைகளைப் பற்றிய மனவருத்தம் இவற்றை நோட்டில் எழுதக் கூடாது. அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் வாயால் சொல்லலாம். முதல் மாதம் பழையவரும் புதியவரும் சேர்ந்தே வீடுகளுக்குப் போகட்டும்.